பெயருக்கு மதிப்பை இடும் உலாவி

அ = 3 எனில், 2அ + 5 எவ்வளவு? 'அ'வுக்குப் பதிலாக 3-ஐப் பிரதியிட்டு, 11 என்று உடனே விடை கூறுவீர்கள். இணையப் பக்கத்தைத் திரையில் வரையும் உலாவியும் இத்தகைய பிரதியீட்டைச் செய்கிறது. ஆனால், மூன்று இடங்களில் அது விழிப்புடன் இருக்க வேண்டும்.

பக்கத்தின் நிறம், எழுத்தின் அளவு முதலியவற்றைக் குறிக்கும் மொழிக்கு சி.எஸ்.எஸ். என்று பெயர். 1994இல் ஹோகுன் வியூம் லீ இதை முன்மொழிந்தார். இதில் ஒரு மதிப்புக்கு நாமே பெயர் சூட்டலாம். --நிறம்: சிவப்பு என்று ஒருமுறை எழுதிவிட்டால், வேண்டிய இடத்திலெல்லாம் வார்(--நிறம்) என்று எழுதினால் போதும். (கணினியில் 'வார்', 'சிவப்பு' ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுத வேண்டும், பெயர் மட்டும் தமிழிலும் இருக்கலாம்.) ஃபயர்பாக்ஸ் 2014இலும் குரோம் 2016இலும் இவ்வசதியைப் பெற்றன.

முதலாவது, எப்போது பிரதியிடுவது? ஒரே பெயருக்குப் பக்கத்தின் வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு மதிப்பு இருக்கலாம். ஆகவே உலாவி அவ்வரியை அப்படியே வைத்திருந்து, ஒவ்வொரு பகுதிக்கும் மதிப்புக் காணும்போதுதான் பிரதியிடுகிறது. எழுத்தின் நிறத்துக்கு 20 என்ற எண் வந்துவிட்டால் என்ன ஆகும்? பிழை தெரிவதற்குள் மாற்று வரிகள் தள்ளப்பட்டிருக்கும். எனவே அந்த எழுத்து, தன்னை உள்ளடக்கிய பகுதியின் நிறத்தையே ஏற்கிறது.

இரண்டாவது, சுழற்சி. --அ: வார்(--ஆ) என்றும், --ஆ: வார்(--அ) என்றும் எழுதினால், உலாவி செக்குமாடுபோல் சுற்றிக்கொண்டே இருக்கும் அல்லவா? இதைத் தவிர்க்க, மதிப்புத் தேடத் தொடங்கிய ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அடையாளம் இடலாம். தேடல் முடியுமுன் அடையாளமிட்ட பெயர் மீண்டும் எதிர்ப்பட்டால், அது சுழற்சி. அதில் சிக்கிய எல்லாப் பெயர்களும் மதிப்பற்றவை ஆகின்றன. வேறோரிடத்தில் வார்(--அ, நீலம்) என்று எழுதியிருந்தால், அங்கே நீலம் கைகொடுக்கும்.

மூன்றாவது, பெருக்கம். --க0 என்பது ஒரே ஒரு சொல் எனக் கொள்வோம். --க1 அதை இருமுறை அழைக்கிறது. --க2, --க1-ஐ இருமுறை அழைக்கிறது. இவ்வாறே தொடர்ந்தால் --க30இல் எத்தனை சொற்கள்? சதுரங்கக் கட்டங்களில் நெல்மணியை இரட்டித்த கதைதான்! 107,37,41,824 சொற்கள். இங்கே சுழற்சியே இல்லை. எழுதியவையோ 31 வரிகள்தாம். ஆயினும் கணினியின் நினைவகம் திணறிவிடும். தீய எண்ணம் உடையவர் ஒருவர் இதைக் கொண்டே உலாவியை முடக்கலாம். ஆகவே, பிரதியீட்டின் நீளத்துக்கு வரம்பு இட வேண்டும் என்று சி.எஸ்.எஸ். விதியே கூறுகிறது. வரம்பைத் தாண்டிய மதிப்பு செல்லாது.

பிரதியிடுதல் எளிது; எங்கே நிறுத்துவது என்பதை அறிவதே பொறியாளரின் திறமை.

பயிற்சி: ஒவ்வொரு பெயரும் முந்தியதை மும்முறை அழைத்தால், எந்தப் படியில் சொற்கள் ஒரு லட்சத்தைத் தாண்டும்? (விடை: --க11)