பாதிக்கு மேல் என்பது எதில் பாதி?

நம்பிக்கை: விருப்பு வரிசை முறையில் வெல்பவர், வாக்களித்தோரில் பாதிக்கு மேற்பட்டோரின் ஆதரவைக் கட்டாயம் பெற்றிருப்பார்.

உண்மை: இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் மூவர் வரை 1, 2, 3 என விருப்பு வரிசையிடலாம், முதல் எண்ணிக்கையில் எவரும் செல்லுபடியான வாக்குகளில் பாதியைத் தாண்டாவிட்டால், முதலிருவர் தவிர ஏனையோர் அனைவரும் ஒருசேர நீக்கப்பட்டு, அவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் அவ்விருவருக்கு விருப்பு குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கப்படும். 1982 முதல் 2019 வரை தேவைப்படாத இவ்வெண்ணிக்கை 2024 செப்டம்பரில் முதன்முறையாக நடந்தது. அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதமும் சஜித் பிரேமதாச 32.76 சதவீதமும் பெற்றிருக்க, ரணில் விக்கிரமசிங்க உள்ளிட்ட ஏனையோரின் ஏறத்தாழ 33 இலட்சம் சீட்டுகளிலிருந்து முதலிருவருக்கு மாறியவை சுமார் 2.73 இலட்சமே, அதாவது நூற்றுக்கு எட்டு. அவற்றிலும் கூடுதலானவை சஜித்துக்கே சென்றன. மற்றவை, விருப்பு குறிக்கப்படாமலோ நீக்கப்பட்டவர்களுக்கே குறிக்கப்பட்டோ, கணக்கிலிருந்து உதிர்ந்தன. அநுரவின் இறுதித் தொகையான 57.4 இலட்சம், எஞ்சிய சீட்டுகளில் 55.9 சதவீதம், செல்லுபடியான 133 இலட்சத்தில் அது 43.1 சதவீதம்தான். முதலிருவரில் முந்துபவர் யார் என்பதையே சட்டம் கேட்பதால், வெற்றி முற்றிலும் முறையானதே.

நம்பிக்கை: எல்லோரும் முழுமையாக வரிசையிட்டால் மக்கள் விருப்பம் பிசகின்றி வெளிப்படும்.

உண்மை: அதற்கும் உறுதியில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துப் பர்லிங்டன் நகரில், பின்தங்கியோரைச் சுற்றுதோறும் நீக்கிச் செல்லும் முறையில் நடந்த 2009 மேயர் தேர்தலில், பாப் கிஸ் 4,313 வாக்குகளுடன் 4,061 பெற்ற கர்ட் ரைட்டை வென்றார். ஆனால் அதே சீட்டுகளைக் கொண்டு இருவர் இருவராக ஒப்பிட்டபோது, மூன்றாமிடத்தில் நீக்கப்பட்ட ஆண்டி மான்ட்ரால் அவ்விருவரையும் தனித்தனியே தோற்கடிக்கக்கூடியவர் என்று தெரிந்தது; இரண்டாம் விருப்பில் வலுவாக இருந்தும் முதல் விருப்பு குறைந்ததால் அவர் வெளியேற நேர்ந்தது.

எவருடன் மோதினாலும் வெல்பவரையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 1785-இல் வாதிட்ட பிரெஞ்சு அறிஞர் கொந்தொர்சே, அப்படியொருவர் இல்லாமலும் போகலாம் என்பதைக் கண்டார்: க, ச, ட என்னும் மூன்று வேட்பாளர்களை வாக்காளர் ஒருவர் க-ச-ட என்றும், அடுத்தவர் ச-ட-க என்றும், மூன்றாமவர் ட-க-ச என்றும் வரிசையிட்டால், க ச-வையும், ச ட-வையும், ட க-வையும் இரண்டுக்கு ஒன்று என வெல்வர்.

மக்களாட்சியே இயலாதென்று பொருளியலாளர் கென்னத் ஆரோ 1951-இல் நிறுவிவிட்டதாகச் சொல்வது மிகை. மூன்று அல்லது மேற்பட்ட வேட்பாளர்கள் இருக்கையில், வரிசைகளை மட்டும் கொண்டு முடிவெடுக்கும் எந்த முறையும் சில நியாய நிபந்தனைகளை ஒருசேர நிறைவேற்றாது என்பதே அவரது தேற்றம்; எந்தக் குறையைப் பொறுப்பது என்பதை அது வாக்காளரிடமே விடுகிறது. பர்லிங்டன் வாக்காளர்கள் 2010-இல் விருப்பு வரிசை முறையைக் கைவிட்டு, 2021-இல் நகரசபைக்கும் 2023-இல் மேயர் பதவிக்கும் அதை மீண்டும் ஏற்றனர்.