எண்ணெய் யாருக்கு, சாவி யாரிடம்?
(ஈரான், 1951: நடுவர்கள் போய்த் தோற்ற கதை)



போன வாரம் வகுப்பில் தேசியமயமாக்கல் பற்றிப் பாடம் நடந்தது. "அரசாங்கம் எடுத்துக்கிச்சுன்னா அதோட முடிஞ்சது தானே சார்?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வந்தது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

1908-ல் ஈரானில் பிரிட்டிஷ்காரர்கள் எண்ணெய் கண்டார்கள். 1914-ல் பிரிட்டிஷ் அரசே அந்தக் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. அதுதான் பின்னாளில் ஆங்கிலோ-ஈரானியன் ஆயில் கம்பெனி. அதன் ஆபதான் சுத்திகரிப்பு ஆலை அன்றைக்கு உலகிலேயே பெரியது. ஆனால் 1950-ல் கம்பெனி ஈரானுக்குக் கொடுத்த பங்கைவிட பிரிட்டிஷ் அரசுக்குக் கட்டிய வரி அதிகம்! அதே வருஷக் கடைசியில் பக்கத்து சவுதி அரேபியா அமெரிக்கக் கம்பெனியிடம் பாதிக்குப் பாதி வாங்கிவிட்டது. ஈரான்காரர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா?

1951 மார்ச்சில் ஈரான் நாடாளுமன்றம் எண்ணெயைத் தேசியமயமாக்கியது. ஏப்ரல் 28-ல் முகமது மொசாதெக் பிரதமர் ஆனார். பிரிட்டன் போர்க்கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தியது. சண்டை மூண்டால் ரஷ்யா உள்ளே வந்துடுமோ என்று அமெரிக்காவுக்குப் பயம். ஜூலையில் ஜனாதிபதி ட்ரூமன், ஆவெரல் ஹாரிமன் என்பவரைச் சமரசத்துக்கு அனுப்பினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். சமரசம் பேசுகிறவர் நீதிபதி இல்லை. தீர்ப்பு சொல்ல முடியாது. ரெண்டு பக்கமும் நம்பினால்தான் அவருக்கு வேலை. ஹாரிமன் டெஹ்ரானில் இறங்கிய அன்றே தெருவில் கலவரம், துப்பாக்கிச் சூடு, பலர் செத்தார்கள். வயதான மொசாதெக் அவரைப் படுக்கையில் படுத்தபடியே வரவேற்றார், பேச்சு பிரெஞ்சு மொழியில்! ஆனாலும் ஹாரிமன் ஒரு காரியம் சாதித்தார். "தேசியமயம் என்ற கொள்கையை ஏற்கிறோம்" என்று பிரிட்டனைச் சொல்ல வைத்தார்.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. ஆகஸ்டில் பிரிட்டிஷ் அமைச்சர் ரிச்சர்ட் ஸ்டோக்ஸ் வந்தார். லாபத்தில் ஏறக்குறைய பாதி தரத் தயார், ஆனால் ஆலையை நடத்துவது பிரிட்டிஷ் நிர்வாகமாத்தான் இருக்கணும் என்றார். மொசாதெக், "உங்கள் ஆட்கள் இருக்கட்டும், ஆனால் எங்களிடம் வேலை பார்க்கட்டும்" என்ற நிலையில் நின்றார். அவ்வளவுதான், பேச்சு முறிந்தது. இவர் பணத்தைப் பற்றிப் பேச, அவர் சாவியைப் பற்றிப் பேசினார். அக்டோபரில் பிரிட்டிஷ் ஊழியர்கள் கப்பலேறினார்கள்.

என் கருத்தைச் சொல்கிறேன், தப்பாயிருந்தால் ஆசிரியர்கள் திருத்துங்கள். நடுவராக வந்த அமெரிக்காவும் சுத்தமான நடுவர் இல்லை. ஈரானுக்குப் பாதிக்கு மேல் கிடைத்தால் சவுதியும் கேட்குமே! தன் வீட்டிலும் அதே வழக்கு வரும் என்று பயப்படுகிறவர் எப்படி நடுவில் நிற்பார்?

பிறகு உலக வங்கி வந்தது. ரெண்டு வருஷம் ஆலையை நாங்க நடத்துகிறோம், வருமானத்தில் ஒரு பங்கைத் தனியே வைத்திருப்போம், அதற்குள் நீங்க பேசி முடியுங்க என்றது. நல்ல யோசனைதான். ஆனால் "ஈரான் அரசின் சார்பில் நடத்துகிறோம்" என்று எழுதித் தா என்றார் மொசாதெக். வங்கி மறுத்தது. பிரிட்டிஷ் நிபுணர்களைத் திரும்பக் கூப்பிடுவதிலும் விலையிலும் தகராறு. 1952-ல் அதுவும் முடிந்தது. மறுபடியும் அதே சாவி!

ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் 1952 ஜூலையில், இந்த வழக்கை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றது. அங்கே இருந்த பிரிட்டிஷ் நீதிபதி மெக்நேர் தன் நாட்டுக்கு எதிராகவே வாக்களித்தார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த ஆள் இவர்தான்.

ஆனால் எண்ணெய் விற்கவில்லை. ஈரான் எண்ணெய் ஏற்றி வந்த ரோஸ் மேரி என்ற கப்பலை ஏடனில் பிடித்து வைத்தார்கள். கஜானா காலி. 1953 ஆகஸ்ட் 19-ல் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள் உதவிய கவிழ்ப்பில் மொசாதெக் ஆட்சி போனது. 1954-ல் புது ஒப்பந்தம். எண்ணெய் ஈரானுடையது, லாபம் பாதிக்குப் பாதி, நடத்துவது வெளிநாட்டுக் கம்பெனிகளின் கூட்டு. பழைய கம்பெனிக்கு அதில் 40 சதவீதம், அமெரிக்கக் கம்பெனிகளுக்கும் 40.

நிர்வாகம் ஈரானின் கைக்கு வர 1973 ஆயிற்று. மொசாதெக் 1967-லேயே, வீட்டுக் காவலில் இருந்தபோது, இறந்துவிட்டார்.