நிலப் பயன் மாற்றம் கேட்கும் முன்பு

மீஞ்சூர், பொன்னேரி வட்டாரங்களில் இப்போது நெல் விலையைவிட நில விலையே அதிகம் பேசப்படுகிறது. காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013-இல் இயங்கத் தொடங்கியது. எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பூஞ்சேரி வரை சுமார் 133 கி.மீ. நீளச் சாலைத் திட்டமும் வந்தது. கிடங்குக்கும் லாரி நிறுத்தத்துக்கும் இடம் கேட்டுத் தரகர்கள் கிராமங்களுக்கு வருகின்றனர். "பட்டா உங்கள் பெயரில் இருந்தால் போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பது அவர்கள் பேச்சு. அந்த மீதி என்ன என்பதை விவசாயப் பெருமக்கள் முன்பணம் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நலம்.

பட்டா வேறு, மண்டலம் வேறு

பட்டாவில் காணும் நஞ்சை, புஞ்சை என்பவை தீர்வைக்காக வருவாய்த் துறை செய்த வகைப்பாடு. நிலத்தில் எதைக் கட்டலாம் என்பதைத் தீர்மானிப்பது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டமும் அதன்படி வகுத்த திட்டமுமாகும். 2008-இல் நடைமுறைக்கு வந்த சென்னைப் பெருநகர இரண்டாம் முழுமைத் திட்டம் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என நிலத்தை மண்டலங்களாகப் பிரித்துள்ளது. வேளாண்மை மண்டலத்தில் வணிக வளாகம் எழுப்ப விரும்புவோர் முதலில் மறுவகைப்பாடு கேட்க வேண்டும். புஞ்சைதானே என்று அடித்தளம் போட்டுவிடக் கூடாது.

பெருநகர்ப் பகுதியின் பரப்பு முன்பு 1,189 சதுர கி.மீ. ஆக இருந்தது. 2022-இல் அது 5,904 சதுர கி.மீ. ஆக விரிவாக்கப்பட்டது. ஆகவே அண்ணன் தம்பி நிலமே ஆனாலும் விதி ஒன்றாக இருக்கும் என்று கொள்ள வேண்டாம். புல எண்ணைக் கொடுத்து, எந்தத் திட்டம், எந்த மண்டலம் என்று பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திலோ மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ எழுத்தில் கேட்டுப் பெறுக. மறுவகைப்பாடு கேட்டால் விளம்பரம் செய்து பொதுமக்கள் ஆட்சேபணையைக் கேட்பார்கள். ஏற்கப்பட்டால் அரசிதழில் வெளியாகும். திட்டம் இல்லாத பகுதிகளுக்கு 2017-ஆம் ஆண்டின் தனி விதிகள் உள்ளன.

கடலோரப் புலங்கள்

காட்டுப்பள்ளி கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையில் கிடக்கும் ஊர். கொசஸ்தலையாற்றின் கழிமுகமும் அருகில் உள்ளது. இங்கே மண்டல மாற்றம் கிடைத்தாலும் வேலை முடிவதில்லை. கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். கழி, ஆறு ஓரங்களுக்கு 2011 அறிவிக்கை 100 மீட்டர் என்றது. 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்தது. நீர்நிலையின் அகலம் அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த அகலமே எல்லை. உள்நாட்டில் எதுவரை இது செல்லும்? கடும் கோடையில் ஆற்று நீரில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு காணப்படும் இடம் வரை. வயல் கடலைவிட்டுத் தள்ளி இருக்கிறது என்பதால் தப்பிவிட்டது என்று பொருளல்ல. கடற்கரை மண்டல வரைபடத்தில் புல எண்ணைப் பார்த்தே ஆக வேண்டும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இந்தப் படிகள் உண்டு. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரி 22-இல் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் நடைபெறவில்லை. 2023 செப்டம்பர் 5-க்குக் குறித்த கூட்டமும் தள்ளிவைக்கப்பட்டது. இரண்டு ஏக்கர்காரர் ஆறு மாதத்தில் எல்லாம் முடியும் என்று பத்திரத்தில் எழுதித் தருவது ஆபத்து.

ஒப்பந்தம் எழுதும்போது

மாற்றத்துக்கான கட்டணம் யாருடையது, மறுக்கப்பட்டால் முன்பணம் என்னவாகும், எத்தனை மாதத்தில் ஒப்பந்தம் காலாவதியாகும் என்ற மூன்றையும் எழுதாமல் கையெழுத்திட வேண்டாம். பொது அதிகாரப் பத்திரம் கொடுப்பதைத் தவிர்க்கவும். அனுமதி வருமுன் கிராவல் கொட்ட விடாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் மேட்டு மனையின் நீர் பக்கத்து வயலில்தான் நிற்கும். அனுமதி மறுக்கப்பட்டால் அந்த மண்ணை வாரி எடுக்கும் செலவு உங்கள் தலையில்.

வரியையும் கணக்கிடுக. நகராட்சி எல்லையிலிருந்து, மக்கள் தொகைக்கேற்ப 2, 6 அல்லது 8 கி.மீ.க்கு அப்பால் உள்ள கிராமப்புற விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. வணிக நிலமாக மாறிய பின் விற்றால் அச்சலுகையைக் கோர இயலாது. மாற்றிவிட்டு விற்பதா, அப்படியே விற்பதா என்பதைத் தணிக்கையாளரிடம் கேட்டபின் முடிவு செய்க.

கிணறு உப்பாகிவிட்டதே, விற்காமல் என்ன செய்வது என்பவர்களும் உண்டு. மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் ஏறுவது 1960-களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. குற்றம் உங்கள் உழவில் இல்லை; மிகுதியாக நீர் இறைத்ததே காரணம். ஆனால் எல்லாக் கிணறும் ஒரே அளவில் உப்பல்ல. மண்ணையும் நீரையும் பரிசோதித்து, உவரைத் தாங்கும் கோ 43, டி.ஆர்.ஒய். 1 போன்ற இரகங்கள் ஏற்குமா என்று திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம். தரகருக்குப் பதில் சொல்வதை அந்த முடிவு கைக்கு வரும்வரை தள்ளிப்போடலாம்.