விதைநெல்லை விற்கலாமா?

கேள்வி: கார்பன் சந்தையில் எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்று ஒரு நாடு எப்படி முடிவு செய்கிறது?

பதில்: கானாவைப் பாருங்கள். 2030-க்குள் 6.4 கோடி டன் உமிழ்வைக் குறைப்பதாகச் சொல்லியிருக்கிறது. அதில் 2.46 கோடி டன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். மீதி, வெளிப்பணம் வந்தால்தான். விற்பனை அந்த மீதியிலிருந்து மட்டும்.

ஏன் இவ்வளவு கறார்? பாரிஸ் ஒப்பந்தத்தின் 6-வது பிரிவுப்படி, விற்ற ஒவ்வொரு டன்னையும் விற்ற நாடு தன் உமிழ்வுக் கணக்கில் திரும்ப ஏற்றியாக வேண்டும். ஒரே டன்னை இரண்டு பேர் காட்டக்கூடாது அல்லவா! உமிழ்வைக் குறைக்க, விறகை மிச்சம் பிடிக்கும் அடுப்புகளைக் கொடுப்பது மலிவான வேலை. அதில் குறையும் டன்களையெல்லாம் முதலிலேயே ஸ்விட்சர்லாந்து மாதிரி வாங்கும் நாட்டுக்கு விற்றுவிட்டால், சொந்த இலக்குக்கு மிஞ்சுவது செலவு பிடிக்கும் வேலைகள்தான். விதைநெல்லை விற்றுவிட்டு ஆடியில் கடனுக்கு அலைவது மாதிரி.

விலையைவிட எனக்குப் பெரிய கவலை அளவைதான். அடுப்பு கொடுத்த கணக்கு வேறு, எரித்த கணக்கு வேறு. புது அடுப்பு மூலையில் கிடக்க, பக்கத்திலேயே மூன்று கல் வைத்துச் சமைக்கிற வீடுகள் எத்தனையோ. வாசலில் நின்று எண்ணினால் இது தெரியாது. சமையலறைக்குள் போய், எந்த அடுப்பில் சாம்பல் சூடாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஆள் போட்டுவிட்டுத்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.