எந்தப் படத்துக்கு எந்த உரிமம்

தூத்துக்குடி உப்பளத்தில் நான் எடுத்த படம் அது. உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்த கணம். சில மாதங்கள் கழித்து அதை ஒரு நன்கொடைத் துண்டறிக்கையில் பார்த்தேன். கறுப்பு வெள்ளையாக்கி, உப்புக் குவியலை வெட்டி எறிந்து, முகத்தை மட்டும் நெருக்கி, கண்ணுக்குக் கீழே நிழலைக் கூட்டியிருந்தார்கள். சிரிப்பே காணோம். கீழே பசியைப் பற்றி ஒரு வரி, ஓரத்தில் என் பெயர், பிழையில்லாமல்.

அந்தப் படத்துக்கு நான் கொடுத்திருந்தது, பெயரைப் போட்டு வணிகமல்லாத காரியங்களுக்கு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் பொது உரிமம். அந்த அமைப்பு எதையும் விற்கவில்லை, பெயரையும் போட்டுவிட்டது. காசு போய்விடுமோ என்று பயந்து ஒரு பூட்டைப் போட்டேன். எனக்கு வலித்ததோ வேறு இடத்தில். ஆகவே உரிமம் தேர்ந்தெடுக்குமுன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: பெயர் போவது வலிக்குமா, வருமானம் போவது வலிக்குமா, படம் மாறுவது வலிக்குமா? மூன்றுக்கும் பூட்டு வேறு.

நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. 2012 திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டுகளும் உரிமை நிற்கும். ஆனால் கல்யாண போட்டோகிராபர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அவரே முதல் உரிமையாளர் என்கிறது 17ஆம் பிரிவு. ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை உங்கள் விளம்பரத்தில் போட வேண்டுமானால், முன்பணம் வாங்கும் அன்றைக்கே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உரிமையை விற்றுவிட்டாலும் கையில் மிஞ்சுவது 57ஆம் பிரிவு. இது என் படைப்பு என்று சொல்லவும், என் மதிப்பைக் கெடுக்கும்படி அதைச் சிதைக்காதே என்று தடுக்கவும் அது இடம் தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து 1979இல் கழற்றப்பட்டுச் சிதைந்த தன் வெண்கலச் சுவர்ச் சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் இந்தப் பிரிவை வைத்துத்தான் வழக்காடினார். டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல் மிச்சப் பகுதிகளைத் திருப்பித் தரச் சொன்னதோடு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. வென்றார், ஆனால் எத்தனை வருடம்! அதனால்தான் முன்கூட்டியே எழுதிவைப்பதை நான் வலியுறுத்துகிறேன்.

மனிதர்கள் இருக்கும் படங்களுக்கு என் தேர்வு, எல்லா உரிமையையும் வைத்துக்கொண்டு கேட்பவருக்குத் தனித்தனியாக எழுத்தில் அனுமதி தருவதுதான். எந்தப் படம், எந்த வெளியீடு, எத்தனை காலம், க்ராப் செய்யலாமா, நிறம் மாற்றலாமா, படவிளக்கம் யார் எழுதுவது என எல்லாம் அதில் வர வேண்டும். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். இதில் சிரமம், ஒவ்வொரு கடிதத்துக்கும் உட்கார்ந்து பதில் எழுத வேண்டும். படம் அதிக தூரம் போகாது.

படம் பரவ வேண்டும், உருமாறக் கூடாது என்றால் கிரியேட்டிவ் காமன்ஸில் 'மாற்றம் கூடாது' என்ற நிபந்தனை உள்ள உரிமம் பொருந்தும். மாற்றிய வடிவத்தைப் பகிர அது விடாது. பொய்யான படவிளக்கத்தை மட்டும் அதனால் தடுக்க முடியாது. 'வணிகமல்லாத' என்ற நிபந்தனையைப் பலர் பழக்கத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அது பார்ப்பது பயன்பாட்டின் நோக்கத்தை. படத்தை என்ன செய்தார்கள் என்பதை அல்ல. என் கதை அதற்குச் சாட்சி.

கோயில் கோபுரம், பறவை, பழைய பாலம் போன்றவற்றைத் திறந்துவிடலாம் என்பேன். பெயர் போட்டால் போதும் என்ற உரிமமோ, மாற்றினால் அதையும் இதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்ற உரிமமோ கொடுங்கள். விக்கிப்பீடியாவுக்குப் படங்கள் தரும் விக்கிமீடியா காமன்ஸ் தளம் ஏற்பது இத்தகையவற்றைத்தான். வணிகத் தடையோ மாற்றத் தடையோ உள்ள படங்களை அது வாங்காது. தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊர்க் குளத்துக்குப் படம் இல்லையென்றால் இந்த வழியில்தான் அது போய்ச் சேரும். மாற்றியவர் மாற்றினேன் என்று சொல்ல வேண்டும். 2013இல் வந்த கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 பதிப்பில், பிடிக்காத மாற்றத்திலிருந்து உங்கள் பெயரை எடுக்கச் சொல்லியும் கேட்கலாம்.

திறந்த உரிமத்தில் ஆட்களின் படத்தைப் போட நான் தயங்குவதற்குக் காரணம் 2007இல் நடந்தது. டெக்சாஸில் ஒரு தேவாலய நிகழ்ச்சியில் எடுத்த சிறுமியின் படம், பெயர் போட்டால் போதும் என்ற உரிமத்தோடு ஃபிளிக்கர் படப் பகிர்வுத் தளத்தில் இருந்தது. ஆஸ்திரேலியாவில் வர்ஜின் மொபைல் என்ற கைபேசி நிறுவனம் அதைப் பேருந்து நிறுத்த விளம்பரமாக்கியது. குடும்பம் வழக்குப் போட்டது. அந்த நிறுவனத்தை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று டெக்சாஸ் நீதிமன்றம் தள்ளிவிட்டது. உரிமம் என்பது எடுத்தவரின் சம்மதம் மட்டுமே. படத்தில் இருப்பவரின் சம்மதம் அதற்குள் அடங்காது.

படங்களை விற்றுத்தரும் ஸ்டாக் ஏஜென்சிகளில், வெட்டவும் நிறம் மாற்றவும் வாங்குபவருக்குப் பெரும்பாலும் அனுமதி உண்டு. வருமானம் மட்டுமே குறி என்றால் போகலாம். உரிமையை முழுதாகத் துறக்கும் கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி ஜீரோவில் பெயர்கூடக் கேட்க முடியாது.

எதை எடுத்தாலும் நினைவில் வையுங்கள்: கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை ஒருமுறை கொடுத்தால், ஏற்கெனவே எடுத்தவரிடமிருந்து திரும்பப் பெற முடியாது. உப்பளப் படத்தை நான் இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன். அந்த அமைப்பிடம் இருக்கும் பிரதிக்குப் பழைய உரிமம் இன்னும் செல்லும். இப்போது கேட்பவர்களுக்கு முழுச் சட்டகமாக, நிறம் மாற்றாமல், நான் எழுதிய வரியோடு போட வேண்டும் என்று கடிதம் அனுப்புகிறேன். அதே படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு உப்பளத்துக்குக் கொண்டுபோனேன். அந்த அம்மா அதை வாங்கி, முந்தானையால் தூசி துடைத்து, சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டார்.