வாலைப் பாருங்கள்

கேள்வி: மகனுக்கு லெப்பர்ட் கெக்கோ வாங்கிக் கொடுத்தோம். கண்ணாடித் தொட்டியில் மணல் பரப்பி வைத்திருக்கிறோம். நான்கு நாட்களாக இரை எடுக்கவில்லை. என்ன செய்வது?
– வாசகி, டொரன்டோ

பதில்: முதலில் வாலைப் பாருங்கள். இந்தப் பல்லி கொழுப்பைச் சேமிப்பது அங்கேதான். வால் பருமனாக இருந்தால், வளர்ந்த பல்லிக்கு நான்கு நாள் பட்டினி ஆபத்தில்லை. குட்டியென்றால் காத்திருக்க வேண்டாம்.

பெரும்பாலும் குறை சூட்டில்தான் இருக்கும். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பாறை நிலத்துப் பிராணி இது. உடல் சூடேறாமல் இரை செரிக்காது. செரிக்காதபோது அது தின்னவும் மறுக்கும். தொட்டியின் ஒரு பக்கத் தரை 31–33 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும், மறுபக்கம் 25 போதும். சூட்டுப் பாயைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடாதீர்கள், வயிறு வெந்துவிடும். இரு பக்கமும் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். தோல் உரிக்க ஈரப்பாசி வைத்த சிறு டப்பா ஒன்றும் வையுங்கள். ஒட்டிய தோல் விரலை இறுக்கி, விரலே போய்விடுவதுண்டு.

மணலை இன்றே அகற்றிவிடுங்கள். இரையோடு விழுங்கினால் குடல் அடைக்கும். காகிதத் துண்டு விரித்தால் போதும்.

இரை உயிருள்ள பூச்சிதான். காய், பழம் ஆகாது. சுவர்க்கோழிகளைக் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுங்கள். கால்சியம் குறைந்தால் எலும்பு வளையும்.

வால் மெலிந்தாலோ கால் நடுங்கினாலோ, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோங்கள். 15 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய உயிர் இது. இதை மகனிடமும் சொல்லி வையுங்கள்.