மெல்லிய நரம்பு வாங்கினால் தீருமா?

“தியோர்போவின் முதல் நரம்பு மூன்றாவது தடவையாக அறுந்துவிட்டது. இன்னும் மெல்லியதாக வாங்கட்டுமா?” தியோர்போ என்ற நீண்ட கழுத்துள்ள லூட் வாத்தியத்தில் பரோக் பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க வருகிறவர் என்றாவது கேட்கிற கேள்வி இது. வேண்டாம். மெல்லிய நரம்புக்குக் குறைந்த இழுவையே போதும்; ஆனால் அதன் பலமும் அதே விகிதத்தில் குறைந்துவிடும். எந்தச் சுருதியில் அறும் என்பதை முடிவு செய்வது நரம்பின் பருமன் அல்ல, நீளம்.

வாங்குமுன் ஒரு பெருக்கல் போட்டுப் பாருங்கள். சுரத்தின் அதிர்வெண்ணை, மீட்டரில் அளந்த நரம்பு நீளத்தால் பெருக்க வேண்டும். குடல் நரம்புக்கு விடை சுமார் 240க்குள் வந்தால் நிம்மதி. 260ஐத் தொட்டால் எப்போது வேண்டுமானாலும் அறும். நீளம் 85 சென்டிமீட்டர், முதல் நரம்பு 415 ஹெர்ட்ஸ் ‘ஏ’ என்றால் 353! இரண்டாவதான ‘ஈ’ 264. மூன்றாவதான ‘பி’ வெறும் 198தான். அதனால்தான் அந்தக்கால இத்தாலியர்கள் முதல் இரண்டை மட்டும் ஒரு ஸ்தாயி இறக்கிக் கட்டினார்கள். மூன்றாவதே உச்ச நரம்பு. பாடகரின் குரலுக்கு அடியில் நெருக்கமாக நிற்கும் சுரக்கோவைகள் கிடைப்பது இதனால் வந்த லாபம். தனி வாசிப்பின் இன்னிசை வரி நரம்புக்கு நரம்பு தாவுவது இதற்குக் கொடுக்கிற விலை.

நீண்ட மந்திர நரம்புகளில் விரல் அழுத்துவதில்லை. எனவே பாட்டின் சுருதிக்கேற்ப முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். டி மேஜர் என்றால் ‘எஃப்’, ‘சி’ இரண்டையும் அரைச்சுரம் ஏற்ற வேண்டும்.

இனி மெட்டுகள். வீணையில் போல மெழுகில் பதித்தவை அல்ல, தண்டைச் சுற்றிக் கட்டிய குடல் நரம்புகள், நகர்த்தலாம். நகர்த்தித்தான் ஆக வேண்டும். கூட வாசிக்கும் ஆர்கன் கால்-கமா மீன்டோன் என்ற பழைய சுருதி முறையில் (இதில் ஜி ஷார்ப்பும் ஏ ஃப்ளாட்டும் வேறு வேறு சுரங்கள்) இருந்தால், முதல் மெட்டு மேல்பாலத்திலிருந்து ஏறக்குறைய 5.5 சென்டிமீட்டரில் நிற்கும். ‘ஜி’ நரம்பைத் தவிர மற்றவற்றுக்கு அது சரி. ‘ஜி’யில் மட்டும் தேவையான ஜி ஷார்ப்புக்குப் பதில் ஏ ஃப்ளாட் ஒலித்து, ஈ மேஜர் காதைக் குத்தும். அந்த ஒரு நரம்புக்கடியில், 3.7 சென்டிமீட்டரில், சிறு மூங்கில் சீவலை ஒட்டுங்கள். இதன் பெயர் ‘டாஸ்டினோ’. பசை லேசாக இருக்கட்டும்; அடுத்த பாட்டுக்கு ஏ ஃப்ளாட் வேண்டுமென்றால் நகத்தாலேயே பெயர்த்து எடுக்கலாம்.